செயலில் உள்ள இலக்கம்

வைகாசி பிறந்து கச்சான் காற்று வீசத் தொடங்கியபின் தறப்பாளின் கீழ் பகலில் இருக்க முடியாது. கார்த்திகைப் புயல் கதிராமன் வீட்டின் கூரையையும் கடற்பக்கச் சுவரையும் கொண்டுபோய் ஆறு மாதமாகியிருந்தது. மிஞ்சிய மூன்று சுவர்களின் மேல் நிவாரணத்தில் கிடைத்த நீலத் தறப்பாளை இழுத்துக் கட்டியிருந்தார்கள். காற்று உள்ளே புகுந்தால் அது வயிறு ஊதி எழும்பும். காற்று விட்டதும் படாரென்று விழும். கதிராமனின் மனைவி அன்னப்பிள்ளை அந்தச் சத்தத்துக்குப் பழகிவிட்டார். வெக்கைக்குப் பழக முடியவில்லை. குசினி வேலை முழுவதையும் வேப்பமரத்தடிக்கு மாற்றியிருந்தார்.

அன்று அவர் அங்கே இருந்துதான் சூடை மீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். மருமகள் மதிவதனா நான்கரை மணியளவில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். சைக்கிளில் ஏறாமல் உருட்டி வந்ததிலேயே அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"பேர் இல்லையா பிள்ளை?"

"இல்ல மாமி. நாப்பத்தாறு பேர் போட்டிருக்கு. எங்கட இல்ல."

"புஸ்பராணிக்கு?"

"அவவுக்கு இருக்கு. பத்தொன்பதாவது."

கரைவலை இழுத்துவிட்டு வந்து மரத்தில் சாய்ந்திருந்த கதிராமன் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "கிராம சேவகரெண்டா ரெண்டு மீனைக் கொண்டு போய்க் குடுத்து நியாயம் கேக்கலாம். கொம்பியூட்டர் மீன் தின்னாதாமே."

வீடு கட்டிக்கொடுக்கும் பட்டியல் அது. புயலில் உடைந்த வீடுகளுக்குப் புதிய முறையில், யாருடைய சிபாரிசும் இல்லாமல், தரவுகளைக் கொண்டு ஆட்களைத் தெரிவுசெய்வதாகச் சொன்னார்கள். 'குடும்பத் தரவுத் திட்டம்' என்பது அதன் பெயர். கரையில் எல்லோரும் கொம்பியூட்டர் லிஸ்ட் என்றார்கள்.

பட்டியல் ஒட்டியிருந்த மண்டபத்தில் கொடுத்த கடிதத்தை மதிவதனா பிரித்தாள். அன்னப்பிள்ளைக்கு எழுத்துக் கூட்டத் தெரியும், ஆனால் சிறிய எழுத்துப் பிடிபடாது.

"வாசி."

"விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. காரணம்: குடும்பத்தில் உழைக்கும் ஆண் அங்கத்தவர் உள்ளார். பெயர்: கதிராமன் ரஞ்சன். தொழில்: கடற்றொழில். தொலைபேசி இலக்கம்..."

அவள் நிறுத்தினாள்.

"இலக்கம்?"

"செயலில் உள்ளது."

அன்னப்பிள்ளை கத்தியைக் கீழே வைத்தார்.

"அப்பிடியெண்டா என்ன?"

மதிவதனா கடிதத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கதிராமன்தான் சொன்னார்: "வேலை செய்யுதெண்டு எழுதியிருக்கிறாங்கள். விசர்."

அன்னப்பிள்ளை கையைக் கழுவினார். செதில் போகும்வரை, விரல் விரலாகக் கழுவினார். சேலையில் துடைத்துவிட்டுக் கடிதத்தை வாங்கி, அந்த வரியின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு உள்ளே போனார். புயலில் தப்பிய ஒரே தளபாடமான அலுமாரியைத் திறந்து, மகனின் அடையாள அட்டை இருந்த தட்டில் அதை வைத்துப் பூட்டினார். திரும்பி வந்தபோது அவருடைய முகம், பட்டியலில் பெயர் விடுபட்ட ஒருவருடைய முகமாக இருக்கவில்லை.

"கவர்மெண்டே எழுதியிருக்கு" என்றார்.

*

ரஞ்சனும் அடுத்த ஒழுங்கை மதிசுதனும் மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஐப்பசி நாளில் பைபர் போட்டில் போனார்கள். காலையில் கடல் பளிங்குபோலக் கிடந்தது. பின்னேரம் வடக்கே கறுத்தது. போட்டும் வரவில்லை, பலகைத் துண்டும் வரவில்லை. நேவி தேடியது. மீன்பிடிச் சங்கம் தேடியது. அந்தமானிலும் மாலைதீவிலும் கரை ஒதுங்கி மாதக்கணக்கில் கழித்துத் திரும்பியவர்களின் கதைகள் இந்தக் கரையில் பல உண்டு. ஆகவே முதல் வருடம் யாரும் அழவில்லை. இரண்டாம் வருடம் மதிசுதனின் தாய் புஸ்பராணி ஐயரைக் கூப்பிட்டுக் கிரியை செய்தார், மரணப் பத்திரமும் எடுத்தார். அன்றிலிருந்து அன்னப்பிள்ளை அந்த வீட்டு ஒழுங்கையால் போவதில்லை.

மகன் எங்கே என்று யார் கேட்டாலும் அவருக்கு ஒரே பதில்தான்: "கடலுக்குப் போயிற்றான்." கடலுக்குப் போனவனை வேறு விதமாகச் சொல்லும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. மாமனாரும் கணவனும் போனபோதெல்லாம் அவர் அப்படித்தான் சொன்னார். அவர்கள் வந்தார்கள்.

தினமும் பதினொரு மணிக்கு, உலை வைத்தபின், மகனுடைய இலக்கத்துக்கு அடிப்பார். "நீங்கள் அழைத்த இலக்கத்தைத் தற்போது தொடர்புகொள்ள முடியாதுள்ளது" என்று ஒரு பெண்குரல் சொல்லும். அதில் அவருக்குக் குறை இருக்கவில்லை. "கடல்ல கவரேஜ் இல்லைத்தானே" என்பார். தற்போது என்ற சொல் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

பத்து மாதம் கழிந்து ஒருநாள் அந்தக் குரல் மாற்றிச் சொன்னது: "நீங்கள் அழைத்த இலக்கம் பாவனையில் இல்லை." அன்னப்பிள்ளை போனை வைத்துவிட்டுப் பாயில் படுத்தார். நான்கு நாள் தண்ணீர் தவிர ஒன்றும் உள்ளே போகவில்லை.

இந்தக் கரையில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். மதிவதனாவுக்குப் போக வீடு இருக்கவில்லை. வெருகல் பக்கம் அவளுடைய தாய், தகப்பன், வீடு மூன்றையும் சுனாமி கொண்டுபோனது. அவளுக்கு அப்போது எட்டு வயது. விடுதியில் வளர்ந்து, ஹோட்டல் வேலைக்கு வந்து, ரஞ்சனைக் கண்டு, அவனுடைய தாயின் வீட்டுக்கே மருமகளாக வந்தவள் அவள். முதல் நாளே அன்னப்பிள்ளை ஊர்ப் பெண்களிடம் சொல்லியிருந்தார்: "எனக்குப் பெட்டைப் பிள்ளை இல்லாத குறை. இனி இது அவளின்ட வீடு. இவன்தான் இஞ்ச வந்து கலியாணம் முடிச்சவன்."

அன்னப்பிள்ளை பாயில் விழுந்த ஐந்தாம் நாள் மதிவதனா அலுமாரியிலிருந்து கணவனின் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனாள். போன் தண்ணீரில் விழுந்துவிட்டது, ஆள் கடலுக்குப் போய்விட்டார், அவசரம் என்று கடைப் பெண்ணிடம் சொன்னாள். அதில் எதுவும் பொய்யில்லை என்று பின்னர் தனக்குள் சொல்லிக்கொள்வாள். அதே இலக்கத்தில் புதிய சிம் கிடைத்தது. அதை ஒரு பழைய பட்டன் போனில் போட்டு, சத்தத்தை அணைத்து, ஹோட்டலில் விரிப்புகள் அடுக்கும் லினன் அறையில் மேல் தட்டின் கடைசித் துவாய் அடுக்குக்குப் பின்னால் வைத்தாள்.

அன்று வீட்டுக்கு வந்தபோது அன்னப்பிள்ளை எழும்பி உட்கார்ந்திருந்தார்.

"மதி, மணி அடிக்குது! எடுக்கல்ல. ஆனா அடிக்குது!"

அன்று இரவு அவர் புட்டும் மீன்சொதியும் சாப்பிட்டார்.

அதன்பின் இரண்டு வருடமாக, பதினொரு மணிக்கு லினன் அறையில் ஒரு சிறிய வெளிச்சம் எழும்பி அதிரும். திரையில் 'அம்மா' என்று வரும். மதிவதனா விரிப்பு மடிப்பதை நிறுத்தி, அது ஓயும்வரை நிற்பாள். மாதத்துக்கு ஒருமுறை ரீலோட் போடுவாள். இடையில் கம்பனியிடமிருந்தும் குறுஞ்செய்திகள் வரும். ஆவணியில்: "ரஞ்சன், இன்று உங்கள் பிறந்தநாள். எமது அன்பளிப்பு ஒரு ஜீபீ." புயலுக்குப் பிறகு: "அன்பின் ரஞ்சன், கடற்றொழிலாளராகிய உங்களுக்குப் புதிய இயந்திரம், இலகு தவணையில். நீங்கள் ஏற்கெனவே தெரிவுசெய்யப்பட்டுள்ளீர்கள்." அவன் கடற்றொழிலாளி என்று கம்பனிக்கு யார் சொன்னது என்று அவளுக்கு அன்று விளங்கவில்லை.

*

சொன்னவள் ஜெஸ்மின். அவளுக்கும் அது தெரியாது.

குறிஞ்சாக்கேணியைச் சேர்ந்த அவள் தரவுத் திட்டத்தில் வீடு வீடாகத் தகவல் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடமாகியிருந்தது. பயிற்சி உப்புவெளியில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நடந்தது. கொழும்பிலிருந்து வந்தவர் திரையில் படம் காட்டினார். மின்கட்டணம், போன் ரீலோட், இயந்திரத்துக்கு அடிக்கும் எண்ணெய், எல்லாம் தனித்தனியே குப்பை, சேர்த்தால் செல்வம் என்றார். யாருக்கு உதவி தேவை என்று அரசு அறிந்துகொள்ளும். யார் எதை வாங்குவார் என்று வாங்குபவருக்கே தெரியுமுன் வியாபாரம் அறிந்துகொள்ளும். இந்த நூற்றாண்டின் எண்ணெய் இதுதான் என்று முடித்தார்.

மேற்பார்வையாளர் லாபிர் பக்கத்துக் கதிரையிலிருந்து முணுமுணுத்தார்: "சீனக்குடாக் காட்டுக்குள்ள எண்ணெய்த் தாங்கி வரிசையா நிக்குது. அதால எங்கட ஊருக்கு என்ன வந்ததெண்டு இவருக்கு ஆரும் சொல்லல்ல போல."

ஜெஸ்மின் சிரித்தாள். ஆனாலும் அவள் நம்பினாள். நம்பக் காரணம் இருந்தது. அவளுடைய உம்மாவின் பெயர் மூன்று பட்டியல்களில் விடுபட்டது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவருடைய மச்சானின் பெயர் அந்த இடத்தில் இருந்தது. முகம் பார்க்காத ஒன்று பட்டியல் போட்டால் நல்லதுதானே என்று நினைத்தாள்.

போன ஆவணியில் அவள் அன்னப்பிள்ளையின் வாசலில் நின்று கேட்டாள். ஒரு வீட்டுக்கு நாற்பத்திரண்டு கேள்வி, பதினொரு நிமிடம்.

"மகன் எங்க?"

"கடலுக்குப் போயிற்றான்."

"தொழிலுக்கா?"

"ஓம், தொழிலுக்குத்தான்."

"எப்ப வருவார்?"

"வருவான்."

கொழும்பிலிருந்து ஒருவர் வந்து கேட்டிருந்தால், எப்போது போனார் என்று அடுத்த கேள்வி வந்திருக்கும். ஜெஸ்மின் களப்பில் வலை வீசுகிறவரின் மகள். அவளுடைய உம்மாவும் வாப்பாவைப் பற்றி அப்படித்தான் சொல்வார். கடலுக்குப் போனவர் எப்போது வருவார் என்று நாள் சொல்லமாட்டார்கள். பழகிய பேச்சு என்பதால் அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. கையிலிருந்த டெப் திரையில் 'கடற்றொழில்' என்பதைத் தொட்டாள். பச்சையானது. அடுத்த கேள்விக்குப் போனாள்.

*

மதிவதனா எழுதிக் கொடுத்திருந்த மேன்முறையீட்டை விசாரிக்க ஜெஸ்மினே செவ்வாய்க்கிழமை காலையில் ஸ்கூட்டியில் வந்தாள். மதிவதனாவுக்கு அன்று லீவு. மரத்தடியில் கதிரை போட்டார்கள். பிளேன்ரீயும் ஒரு துண்டு பனங்கட்டியும் வந்தன.

"மிஸ், உங்கட மெசினுக்கு என்னட்ட ஒரு கேள்வி இருக்கு" என்று கதிராமன் தொடங்கினார். "ரெண்டு பேர் ஒரு போட்டில போனவங்க. ஒருத்தன் இல்லையாம். மற்றவன் தொழில் செய்யிறானாம். அப்ப அந்தப் போட் என்ன செய்யுதாம்?"

ஜெஸ்மின் கோப்பையைக் கீழே வைத்தாள். "அவங்க பத்திரம் எடுத்திருக்கிறாங்க ஐயா. நீங்க எடுக்கல்ல. அதோட நான் தொழில் செய்யிறாரெண்டு பதிஞ்சிற்றன். அது என்ட பிழை. அதுக்குத்தான் வந்தனான்." பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தாள். "காணி அம்மாட பேரில இருக்கிறதால அம்மாதான் ஒப்பம் வைக்கவேணும். 'மூன்று வருடமாகத் தகவல் இல்லை.' அவ்வளவுதான். வேற ஒண்டும் எழுதத் தேவையில்ல. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு முதல் கிடைச்சா, பேரைச் சேத்திரலாம்."

"தகவல் இல்லையெண்டு எப்பிடி மகள் எழுதுறது?" என்று அன்னப்பிள்ளை கேட்டார். கோபமில்லாமல்தான் கேட்டார். "நீங்கதானே தகவல் தந்தீங்க."

உள்ளே போய்க் கடிதத்தை எடுத்து வந்தார். அதற்குள் அதை பிளாஸ்டிக் உறையில் போட்டிருந்தார்.

"அம்மா, அது வந்து... நம்பர் மட்டும்தான். ஆள் எண்டு இல்ல."

"நம்பர் தானா வேலை செய்யுமா? ஆரும் காசு போடாட்டி வெட்டிப்போடுவாங்கள். ஒருக்கா வெட்டினவங்கள். பிறகு வந்தது. அவன் எங்கயோ கரையில ஏறிக் காசு போட்டிருக்கிறான். இருங்கோ, அடிச்சுக் காட்டுறன்."

"அன்னம், விடு" என்றார் கதிராமன்.

அன்னப்பிள்ளை சத்தத்தைப் பெரிதாக்கி எல்லோருக்கும் நடுவில் போனைப் பிடித்தார். மணி அடித்தது. தறப்பாள் ஒருமுறை எழும்பி விழுந்தது. மணி விடாமல் அடித்தது.

"கேட்டீங்களா? எடுக்கமாட்டான். வேலையா இருப்பான்."

ஜெஸ்மின் அன்னப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மதிவதனாவைப் பார்த்தாள். மதிவதனா தரையில் மீன் செதிலை இழுத்துக்கொண்டு போகும் எறும்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதிராமன் எழும்பினார். "அவன்ட போன் அவனோட போயிற்றடி! மூண்டு வருசம் உப்புத் தண்ணிக்க கிடந்த போன் எங்க அடிக்கும்? கம்பனிக்காரன் வேற ஆருக்கும் வித்திருப்பான். என்ட பிள்ளை இல்ல. இல்ல. மிஸ், எழுதுங்கோ. நான் தகப்பன் சொல்லுறன்."

இந்த மூன்று வருடத்தில் அவர் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல்முறை.  தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு கரைப் பக்கம் நடந்தார்.

அன்னப்பிள்ளை கடிதத்தை உறைக்குள் சரியாக்கினார். "தேத்தண்ணி ஆறுது மகள், குடியுங்கோ" என்றார். "வீடு இல்லாட்டிப் பரவாயில்ல. நான் ஒப்பம் வைக்கமாட்டன்."

*

போகும்போது ஜெஸ்மின் கை கழுவுவதாகக் கிணற்றடிக்கு வந்தாள். மதிவதனா வாளியை இறக்கினாள்.

"அக்கா, அந்த நம்பர் ரெண்டு வருசமா நிலாவெளி டவரை விட்டு அசையல்ல. நேத்துத்தான் பாத்தன். தொழில் செய்யிற ஆளெண்டா ஒரு நாளாவது டவுனுக்குப் போகவேணும்."

வாளி தண்ணீரில் மோதும் சத்தம் கேட்டது.

"நாலு நாள் சாப்பிடாமக் கிடந்தா மிஸ்" என்றாள் மதிவதனா. "அஞ்சாம் நாள் நான் வேற என்ன செய்யிறது?"

 தண்ணீர் அவளுடைய கையில் விழுந்துகொண்டே இருந்தது.

"ஒப்பம் இல்லாம நானே எழுதுறன் எண்டு வைங்க. சிம் உங்களிட்ட இருக்குதெண்டு எழுதினாத்தான் மேல ஏத்துக்கொள்ளுவாங்க. அதை எழுதினா, பதில் மாமிட பேருக்குத்தான் வரும். தமிழில வரும்."

"அவவுக்குத் தெரியாமச் செய்ய ஏலாதா?"

"ஏலாது அக்கா. நான் யோசிச்சுப் பாத்தனான்." பிறகு சொன்னாள்: "அண்டைக்கு நான் இன்னொரு கேள்வி கேட்டிருந்தா இதெல்லாம் வந்திருக்காது."

"கேட்டிருந்தாலும் மாமி அதைத்தான் சொல்லியிருப்பா."

ஜெஸ்மின் விட்டுப்போன தாள் மதிவதனாவின் கையில் இருந்தது. இரண்டு நாள் அவள் அதை ஹோட்டல் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தாள். ஐப்பசியில் மாரி தொடங்கிவிடும். மூன்று சுவரில் ஒன்று ஏற்கெனவே வெடித்திருந்தது. மாமாவுக்கு இரவில் இழுப்பு. யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரே வழிதான் தெரிந்தது. சிம்மை உடைத்துவிட வேண்டும். மாமி அடிப்பார். பெண்குரல் சொல்லும். விழுவார். இந்தமுறை தான் பக்கத்தில் இருந்து பிடித்துக்கொள்ள வேண்டும். மத்தியானம் வீட்டுக்குப் போய்க் கையெழுத்தை வாங்கி, நாலு மணிக்கு முன் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம்.

வெள்ளிக்கிழமை பத்தரை தாண்டி லினன் அறைக் கதவைச் சாத்தினாள். சீசன் என்பதால் விரிப்புகள் கூரைவரை அடுக்கிக் கிடந்தன. துவாய்களுக்குப் பின்னாலிருந்து போனை எடுத்துப் பின்மூடியைக் கழற்றினாள். குளோரினில் வெடித்த விரல் நுனிக்குப் பற்றரி சிக்கவில்லை. நகத்தால் தெண்டினாள்.

போன் அதிர்ந்தது. பதினொன்றாக இன்னும் கால்மணி இருந்தது. அம்மா.

ஓயட்டும் என்று நின்றாள். ஓய்ந்தது. உடனே திரும்பவும் அதிர்ந்தது. அன்னப்பிள்ளை ஒருநாளும் இரண்டாம் முறை அடிப்பதில்லை. மாமாவுக்கு ஏதேனும் ஆகிவிட்டதோ என்ற பயத்தில், இரண்டு வருடத்தில் முதல்முறையாக, அவள் பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டாள்.

மறுமுனையில் தறப்பாள் அடிக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் அது மட்டும்தான் கேட்டது.

"மகன்?"

மதிவதனா மற்றக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எடுத்திற்றாய். ம். நீ கதைக்காத, வேலையா இருப்பாய். நான் சொல்லுறன், நீ கேள்." அன்னப்பிள்ளையின் குரல் உலைக்கு முன்னால் இருந்து பேசுகிற சாதாரணக் குரலாகவே இருந்தது. "வீட்டுக்கு ஒரு குறையுமில்ல. கொம்பியூட்டர்ல பேர் வந்திற்று. நல்ல கல்வீடு, ரெண்டு அறை. இனி மாரிக்குப் பயமில்ல. கொப்பருக்கு உடம்பு மெலிஞ்சு போச்சு, வாய் மெலியல்ல. இண்டைக்குச் சூடை பட்டது. உனக்கு விருப்பமான மாதிரிப் புளி விட்டு வச்சிருக்கிறன்."

தறப்பாள் எழும்பி விழுந்தது.

"மதி இருக்கிறாள். அவளின்ட கையைப் பாத்தியெண்டா உனக்குத் தாங்காது, எல்லாம் வெடிச்சுப் போய்க் கிடக்கு. முப்பது வயசாகல்ல. என்னைப் பாத்துக்கொண்டு இருக்கிறாள். போ எண்டு நான் சொன்னா, கேக்க மாட்டாள். நான் சொல்லவும் மாட்டன், எனக்கு அந்தளவு மனசு இல்ல. நீ சொல்லு மகன். நல்ல இடமாப் பாத்துப் போகச் சொல்லு. நீ சொன்னாத்தான் கேப்பாள்."

மதிவதனாவின் விரல்களைத் தாண்டி மூச்சு ஒன்று உடைந்து வெளியே வந்தது. மூக்கை உறிஞ்சினாள்.

அன்னப்பிள்ளை பேச்சை நிறுத்தினார். பிறகு, கொஞ்சம் பதிந்த குரலில் கேட்டார்:

"தடிமனா பிடிச்சிருக்கு? கொத்தமல்லி அவிச்சுக் குடி. சரி, வை. கவரேஜ் போகப்போகுது."

அழைப்பு நின்றது.

கொழும்பில் எங்கோ குளிரூட்டிய அறையொன்றில் அது பதிவானது. ரஞ்சனின் இலக்கம், வந்த அழைப்பு, பதிலளிக்கப்பட்டது, இரண்டு நிமிடம் பதினெட்டு விநாடி. அழைத்த போனும் எடுத்த போனும் அன்றும் ஒரே டவரின் கீழ்தான் இருந்தன. இரண்டு வருடமாக அப்படித்தான். ஜெஸ்மினைத் தவிர அதை அந்தத் தரவிடம் யாரும் கேட்கவில்லை.

மதிவதனா பின்மூடியைத் திரும்பப் போட்டாள். போனைத் துவாய்களுக்குப் பின்னால் வைத்தாள். மத்தியானம் வீட்டுக்குப் போகவில்லை. நாலு மணி தாண்டும்போது அவள் இரண்டாம் மாடியில் கட்டிலொன்றுக்கு விரிப்பு இழுத்துக்கொண்டிருந்தாள். ஜெஸ்மினிடமிருந்து தன் போனுக்கு இரண்டு தவறிய அழைப்புகள் வந்திருந்ததைப் பிறகுதான் கண்டாள்.

ஐந்தரைக்குச் சைக்கிளை மரத்தில் சாத்தினாள். கதிராமன் வலைக்கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். வெயில் இறங்கி, காற்று ஓய்ந்து, தறப்பாள் அசையாமல் தொங்கியது. அன்னப்பிள்ளை அடுப்படியில் இருந்தார். அவள் கதிரையில் உட்காருமட்டும் காத்திருந்து, சட்டியை இறக்கி, பேணியில் வடித்துக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்.

மதிவதனாவுக்குத் தடிமன் இருக்கவில்லை. காலையில் வேலைக்குப் போகும்போதும் இருக்கவில்லை. பேணிக்குள்ளிருந்து கொத்தமல்லியின் ஆவி முகத்தில் அடித்தது. இஞ்சியும் தட்டிப் போட்டிருந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அன்னப்பிள்ளை அவளைப் பார்க்கவில்லை. குனிந்து அடுப்பிலிருந்து கொள்ளியை இழுத்து மண்ணில் குத்தி நூர்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறமுதல் குடி பிள்ளை" என்றார்.

அவள் குடித்தாள்.